பப்படம் உடையாமல் மிதிப்பது எப்படி

தென்முனை எரிபொருள் சிக்கன இயக்ககத்துக்குப் பதினான்கு வண்டிகள் இருந்தன. சிக்கனத்தைக் குமரி மாவட்டத்தின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்ப்பதென்றால் அதை ஏற்றிக்கொண்டு போக ஏதாவது வேண்டுமல்லவா? ஓட்டுநர்கள் ஒன்பது பேர்தான். மீதி ஐந்து வண்டிகளும் பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் ஓடும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உறுதிமொழி. ஓட்டுநர்கள் அவரவர் வண்டியின் முன்னால் நின்று, பானெட்டின் மேல் வலதுகையை வைத்து, 'ஒரு துளியும் வீணாக்கேன்' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் சொல்ல வேண்டும். இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருக்கும். அணைந்த வண்டியின் மேல் எடுக்கிற உறுதிமொழிக்கு உயிர் இருக்காது என்று முந்தைய இயக்குநர் ஒருவர் கோப்பில் எழுதிவிட்டுப் போயிருந்தார். இரைச்சலில் இயக்குநர் படிப்பது யாருக்கும் கேட்காது. எல்லோரும் வாயை மட்டும் அசைப்பார்கள். தேவகுமார் ஒருவன்தான் பதினோரு வருடமாக அதைச் சத்தமாகச் சொல்லிவந்தான். அவனுக்கு அது மனப்பாடம். போதாததற்கு அதை அவன் நம்பவும் செய்தான்.

நம்பியதில் நியாயம் உண்டு. இங்கே ஒப்பந்த ஓட்டுநராகச் சேர்வதற்கு முன்னால் அவன் குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வேன் ஓட்டியவன். டீசல் வேன், முதலாளி கஞ்சன். களியக்காவிளை தாண்டியதும் எந்தச் சந்தியில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டிவரும் என்பது அவனுக்குத் தெரியும். அங்கே இன்ஜினை அணைத்துவிடுவான். தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவான். வண்டி தானாகவே பைய வந்து நிற்கும், பிரேக்குக்கு வேலை இருக்காது. டயரில் காற்று ஒரு பவுண்டு குறைந்தால் ஸ்டியரிங்கிலேயே கண்டுபிடித்துவிடுவான். கல்ஃபிலிருந்து வந்து இறங்குபவர்கள் பின்சீட்டில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவார்கள். அதைத்தான் அவன் தன் ஓட்டுக்குக் கிடைத்த சான்றிதழாக நினைத்துக்கொண்டிருந்தான்.

ஜூன் முதல் திங்கட்கிழமை உறுதிமொழி முடிந்ததும் சுற்றறிக்கை வந்தது. ஒன்பது ஒப்பந்த ஓட்டுநர்களில் ஒருவர் நிரந்தரமாக்கப்படுவார். தொடர்ந்து மூன்று மாதம் லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டியிருக்க வேண்டும். நாற்பத்தைந்து வயது பூர்த்தியாகியிருக்கக் கூடாது.

தேவகுமாருக்கு நவம்பர் முப்பதாம் தேதி நாற்பத்தைந்து.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவன் மனைவி ஜெஸ்மி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இப்பிடித்தான் நாலு வருசத்துக்க முன்னயும் சொன்னீங்க. ரெண்டு வருசத்துக்க முன்னயும் சொன்னீங்க. ரெண்டு தடவயும் எனக்க தம்பி பிபின் அனுப்பின விசா வேண்டாம்னு வச்சாச்சு."

"இது எழுத்தில வந்திருக்கு ஜெஸ்மி. சீல் உண்டு."

"பிபின் மூணாவதும் ஒண்ணு சொல்லி வச்சிருக்கான். கத்தர்ல கம்பெனி பஸ். செப்டம்பர் கடசிக்குள்ள பதில் சொல்லணுமாம். இதயும் விட்டா இனி வயசு சம்மதிக்காது."

"பதினாலு எனக்கு ஒரு காரியமாட்டி? கண்ண மூடிட்டு ஓட்டுவேன்."

"கண்ணத் தொறந்தே ஓட்டுங்க" என்றாள் ஜெஸ்மி.

முதல் வாரம் அவன் சொன்னபடிதான் நடந்தது. இயக்குநர் நாராயணபெருமாள் எரிபொருள் சிக்கனத்தைக் கற்றுவர விமானத்தில் ஜெர்மனிக்குப் போயிருந்தார். தேவகுமார் கோப்புகளை மட்டும் ஏற்றிக்கொண்டு அஞ்சுகிராமத்துக்கும் கொட்டாரத்துக்கும் போய்வந்தான். லிட்டருக்குப் பதினைந்து புள்ளி ஒன்று. இரண்டாம் வாரம் இயக்குநர் திரும்பி வந்து தேவகுமாரின் ஜீப்பில் ஏறினார்.

நாராயணபெருமாள் கோபக்காரர் அல்ல. யாரையும் ஒருமையில் அழைக்காதவர். தனியாக இருக்கும்போதும் மேடையில் நிற்பதைப் போலவே பேசுவார். ஒரு நாளைக்கு மூன்று கூட்டம் அவருக்கு. கொட்டாரத்துப் பள்ளியில் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார்: நிற்கிற வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது தேசத்தின் நரம்பைத் திறந்துவிடுவதற்குச் சமம் என்றார். அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் அவருடைய ஜீப் வேப்பமரத்தடியில் ஏசி போட்டு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது சீட் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது நிலையான உத்தரவு.

ஒருநாள் தேவகுமார் துணிந்து அணைத்துவிட்டான். இயக்குநர் ஏறி உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தேவகுமார், இந்த வெக்கையில் அடுத்த ஊருக்குப் போய் இறங்கினால் என் சட்டை நனைந்திருக்கும். நனைந்த சட்டையோடு ஒருவன் சிக்கனத்தைப் பற்றிப் பேசினால், சிக்கனம் என்றால் கஷ்டம் என்று மக்கள் நினைத்துவிட மாட்டார்களா?"

"அதில்ல சாரே, நின்னு ஓடினா ஏவரேஜ்..."

"இன்ஜினை அணைப்பது கொள்கை. குளிர்ச்சி என்பது நிர்வாகம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்."

அவன் எரிபொருள் பிரிவில் இருந்த சுனிதாவிடம் போனான். லாக் புக்கைச் சரிபார்த்து மாதாமாதம் சராசரி போடுபவள் அவள்.

"சுனிதா, நின்னு ஓடினதுக்கு எங்க எழுதணும்?"

அவள் இரக்கத்தோடு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "அதுக்குக் கட்டம் இல்லண்ணா. போன கிலோமீட்டர் ஒண்ணு, போட்ட டீசல் ஒண்ணு. போகாம நின்னதுக்கு எங்க எழுத?"

"ஆடி மாசக் காத்து? ஆரல்வாய்மொழியில எதிர்க்காத்துல வண்டி மூணாம் கியர்ல மொனங்குகு."

"குறிப்புல வேணும்னா எழுதுங்க."

எழுதினான். 'எதிர்க்காற்று பலமாக இருந்தது.' நான்கு நாளில் குறிப்பாணை வந்தது. காற்று இவ்வியக்ககத்தின் கட்டுப்பாட்டில் வராத பொருள் என்பதால் இனி லாக் புக்கில் அதைக் குறிப்பிடுவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது.

பாரத்தையாவது குறைக்கலாம் என்று பார்த்தான். ஜீப்பின் பின்பக்கம் முழுக்கப் பதினெட்டுப் பெட்டிகள். உள்ளே ஆறாயிரம் புத்தகங்கள். 'வாகனத்தில் தேவையற்ற பாரத்தைக் குறைப்போம்' என்பது தலைப்பு. இரண்டு வருடமாக யாரும் அதை விநியோகிக்கச் சொல்லவில்லை. இறக்கி வைக்கவும் வழியில்லை. இருப்புப் பதிவேட்டில் அவை இருக்குமிடம் 'ஜீப்' என்று பதிவாகியிருந்தது.

ஜூலை மாதச் சராசரி பத்து புள்ளி எட்டு.

அன்று மத்தியானம் டீக்கடையில் இசக்கி அவன் முதுகில் ஒன்று போட்டான். இசக்கி அஞ்சுகிராமத்துக்காரன், அவனும் ஒப்பந்த ஓட்டுநர்தான். கிளட்சிலிருந்து காலை எடுக்காமலே ஓட்டுபவன். மாதம் ஒருமுறை கிளட்ச் பிளேட்டைத் தின்றுவிடுவான் என்று வொர்க்‌ஷாப்பில் சொல்வார்கள்.

"ஏலே மக்கா, மூஞ்சி ஏன் சப்பிப்போன டயர் மாதிரி இருக்கு?"

"போவே. பத்து புள்ளி எட்டு."

"எனக்கு ஒம்பது. நான் சிரிக்கல? அவிய பாக்கது கணக்குல வாற டீசலத்தானே. கணக்குல வராத டீசல்ல ஓட்டு, இருவதுகூட வரும்." சொல்லிவிட்டு இசக்கி பெரிதாகச் சிரித்தான்.

தேவகுமார் சிரிக்கவில்லை. டீயை முழுவதும் குடிக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் வேலைக்கு வரும் வழியில், வீட்டில் தேங்காயெண்ணெய் வைத்திருந்த வெள்ளைக் கேனைக் கொண்டுபோய் ஒரு பங்க்கில் பத்து லிட்டர் டீசல் வாங்கினான்.

"ஜெனரேட்டருக்கா அண்ணா?" என்று கேட்டான் பங்க்கில் நின்றவன்.

"ம். ஜெனரேட்டருக்கு."

அரசாங்கத்து வண்டியிலிருந்து டீசலைத் திருடியவர்களை அவன் கேள்விப்பட்டிருந்தான். குழாய் போட்டு வாயால் உறிஞ்சி, ஒரு மடக்கு விழுங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள்கூட உண்டு. அரசாங்கத்து வண்டிக்குள் டீசலைத் திருட்டுத்தனமாக ஊற்றுவதற்கும் அதே அளவு படபடப்பு வரும் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஷெட்டின் பின்பக்கம் நின்று, யாராவது வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்து ஊற்றினான். கொஞ்சம் செருப்பில் சிந்தியது.

அந்த மாதம் மேலும் சில தடவை அதே கேன் நிறைந்து காலியானது. ஆகஸ்ட் மாதச் சராசரி பதினான்கு புள்ளி இரண்டு.

இயக்குநர் அவனை அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார். பதினோரு வருடத்தில் அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்தது அன்றுதான்.

"ரகசியத்தைச் சொல்லுங்கள் தேவகுமார். ஓர் ஓட்டுநரிடமிருந்து கற்றுக்கொள்ள நான் தயங்குபவன் அல்ல. ஜெர்மனியிலேயே ஓட்டுநர் ஒருவரோடு கைகுலுக்கியிருக்கிறேன்."

கேனைப் பற்றித் தேவகுமார் சொல்ல முடியாது. ஏதாவது சொல்லியாக வேண்டும். நெத்தோலிக் கறி, பப்படம் என்று மத்தியானச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்த வாயில் வந்ததைச் சொன்னான்.

"ஒண்ணும் இல்ல சாரே. காலுக்கடியில ஒரு பொரிச்ச பப்படம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர மிதிக்கணும். ஒடையாத மாதிரி. அவ்வளவுதான்."

உண்மையில் அது நல்ல யோசனைதான். அவன் அப்படித்தான் ஓட்டினான். ஆனால் நாராயணபெருமாள் பேனாவை எடுத்து, "பொரித்ததா, சுட்டதா?" என்று கேட்டபோதே அவன் எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

செப்டம்பரில் பப்படப் பயிற்சி தொடங்கியது. கொள்முதல் குழு கூடி, விட்டம் பதிமூன்று சென்டிமீட்டர், உளுந்து, பொரித்தது என்று தரம் நிர்ணயித்து ஒப்பந்தப்புள்ளி கோரியது. மிகக் குறைந்த விலை சொன்னவர் திருவனந்தபுரத்துக்கு அந்தப்பக்கம் இருந்தார். பப்படம் ஒன்றுக்கு இருபது பைசா லாபம். அதை எடுத்துவர தினமும் காலையில் ஒரு ஜீப் போகவர நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியது.

ஆக்சிலேட்டரின் மேல் பப்படத்தை வைத்து, அதன் மேல் ஷூக்காலை வைத்து, வளாகத்துக்குள் இருநூறு மீட்டர் ஓட்ட வேண்டும். முதல் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு பப்படம் நொறுங்கியது. பெடல் முழுக்க எண்ணெய். இசக்கியின் கால் வழுக்கி வண்டி காம்பவுண்டுச் சுவரில் போய் இடித்தது. இரண்டாம் நாள் மழை. பப்படமெல்லாம் நமத்து, ஈரத்துணிபோலத் தொங்கியது. என்ன மிதித்தாலும் உடையவில்லை. ஒன்பது பேரும் நூறு சதவீதம் தேர்ச்சி பெற்றதாகச் சென்னைக்கு அறிக்கை போனது.

ஆனால் யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். 'நமத்த பப்படம் தொடர்பாக' என்று விசாரணை வந்தது. முடிவில், இனி பப்படங்களில் ஈரம் ஏறாமலிருக்க அவற்றை ஏசி ஓடும் வண்டிக்குள்தான் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. பகல் முழுவதும் ஒரு ஜீப் பப்படங்களை ஏற்றிக்கொண்டு, ஆளில்லாமல், ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"எளவு, நம்மள விட அதுக்குக் குளுச்சி" என்றான் இசக்கி. "ஓய் தேவகுமாரு, நீரு ஒரு வாய் தொறந்தேரு, எனக்க சம்பளத்துல சொவத்துக்குப் பிடிக்கானுவ."

அந்த மாதக் கடைசியில் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். தேவகுமார் கூட்டத்துக்குள் தலையை நுழைத்துப் பார்த்தான். அவன் பெயருக்கு நேராகப் பதினான்கு புள்ளி ஒன்பது. அதற்கு மேலே இசக்கி, பதினைந்து புள்ளி மூன்று.

கிளட்சைத் தின்கிற இசக்கி. தேவகுமார் திரும்பிப் பார்த்தான். இசக்கி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். டீக்கடைக்குப் போய் இருவரும் கண்ணாடிக் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது இரண்டு கைகளிலிருந்தும் ஒரே டீசல் நாற்றம் அடித்தது. இருவரும் கையை மாற்றிக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் ஜெஸ்மி கேட்டாள்.

"இன்னைக்கு முப்பதாம் தேதி. பிபின் போன் பண்ணுனான். என்ன சொல்லட்டு?"

"ரெண்டு மாசம் ஆச்சு ஜெஸ்மி. இன்னும் ஒரு மாசம். இப்ப விட்டா..."

"செரி. வேண்டாம்னு சொல்லிடுகேன்." துணியைத் திருப்பி வைத்தபடியே சொன்னாள்: "எண்ணெக் கேன் டீசல் நாறுகு. பீரோல எனக்க செயினயும் காணல்ல. அதயும் வண்டிக்க டேங்கில ஊத்தியாச்சா?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். தையல் மிஷின் முன்னைவிட வேகமாக ஓடியது.

அக்டோபரில் என்ன நடந்தது என்பதை விவரிக்க அதிகம் இல்லை. ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதை நிறுத்தினார்கள். நகரத்தைச் சுற்றியுள்ள பங்க்குகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டதுபோல ஒருவர் போன இடத்துக்கு மற்றவர் போகவில்லை. மாதக் கடைசியில் எல்லோரும் பதினாறுக்கு மேலே. இசக்கி பதினெட்டரை. தேவகுமார் பத்தொன்பது புள்ளி ஆறு.

சென்னையிலிருந்து நிபுணர்கள் மூன்று பேர் மூன்று கார்களில் வந்தார்கள். தேவகுமாரின் வலதுகாலில் ஷூவைக் கழற்றி, பெருவிரலில் வயர் சுற்றி, ஒரு பெட்டியோடு இணைத்து, கன்னியாகுமரி வரைக்கும் ஓட்டச் சொன்னார்கள். டேங்கை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. அவர்களில் இளையவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், இந்த இன்ஜினை உருவாக்கின கம்பெனியே சோதனை ஓட்டத்தில் பதினேழுக்கு மேல் எடுக்கவில்லை. பத்தொன்பதுக்கு வாய்ப்பே இல்லையே."

நாராயணபெருமாள் புன்னகைத்தார். "கம்பெனி சொல்வது இயந்திரத்தின் எல்லை. நாம் பேசிக்கொண்டிருப்பது ஒப்பந்தப் பணியாளரின் எல்லை. அதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை."

பாராட்டு விழா நடந்தது. தேவகுமாருக்குச் சால்வை போர்த்தினார்கள். ஜெஸ்மி முன்வரிசையில் வெறும் கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இயக்குநர் பேசினார்.

"இந்த இயக்ககம் தொடங்கப்பட்டபோது எங்களிடம் இரண்டு வண்டிகள்தான் இருந்தன. இன்று பதினான்கு. எரிபொருள் சிக்கனம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது பாருங்கள்! நான் ஐந்து நாடுகளுக்குப் பறந்து சென்று தேடிய ஒன்று, என் வண்டியின் முன்சீட்டிலேயே இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நாடுகள் தேவைப்பட்டன. தேவகுமாருக்கு நாம் என்ன கொடுத்தோம்? எதுவும் கொடுக்கவில்லை. அதனால்தான் அவரால் இவ்வளவு முடிந்தது. கொடுத்துவிட்டால் மனிதன் தேங்கிவிடுவான். இனி லிட்டருக்குப் பத்தொன்பது புள்ளி ஆறு என்பதே 'தேவகுமார் அளவு' என்று வழங்கப்படும். அதற்குக் கீழே ஓட்டும் ஒப்பந்த ஓட்டுநரின் ஊதியத்தில் குறைவுக்கு ஏற்பப் பிடித்தம் செய்யப்படும். தேவகுமார் உட்பட."

எல்லோரும் கைதட்டினார்கள். மற்ற எட்டு ஓட்டுநர்களும் தட்டினார்கள். தட்டிக்கொண்டே தேவகுமாரைப் பார்த்தார்கள்.

கீழே இறங்கியதும் இசக்கி அவன் காதருகே வந்தான். "கொள்ளாம் மக்கா. ஒனக்க பேர்ல ஒரு அளவு. நாளைக்கு ஒனக்க பேரச் சொல்லித்தான் எனக்க வீட்டுல அடுப்பு அணையும்."

நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போனது. நவம்பர் இருபத்தொன்றாம் தேதி பதில் வந்தது. சுனிதா அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவனை அழைத்தாள்.

"உக்காருங்கண்ணா."

"வந்தாச்சா?"

"வந்தாச்சு. நீங்க எல்லாத்திலயும் தகுதியாம்." அவள் காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள், அவனைப் பார்க்கவில்லை. "ஆனா ஒரு பழைய விதி இருக்காம். மாசம் நூறு லிட்டருக்குக் குறைவா டீசல் செலவாகுற வண்டிக்கு ஓட்டுநர் பணியிடமே கெடையாதாம். உங்க வண்டி ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓடி எழுபத்தாறு லிட்டர்தான் எடுத்திருக்கு. அதனால அந்தப் பணியிடத்த ரத்து பண்ணிட்டாங்க."

அவன் வாய்க்குள் கணக்குப் போட்டான். "அப்ப பதினாலு எடுத்திருந்தா..."

"நூத்தியேழு லிட்டர்" என்றாள் சுனிதா. அவள் முன்பே போட்டுப் பார்த்திருந்தாள். "பணியிடம் இருந்திருக்கும்."

தேவகுமார் நேராக இயக்குநரின் அறைக்குப் போனான். அனுமதி கேட்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கேனைச் சொன்னான். எந்தெந்தப் பங்க் என்று சொன்னான். ஜெஸ்மியின் செயினைச் சொன்னான்.

"நான் ஒண்ணும் மிச்சம் பிடிக்கல சாரே. அவ்வளவு டீசலும் எரிஞ்சுது. எனக்க டீசல். அதயும் சேத்துக் கணக்குப் போட்டா நூறு லிட்டருக்கு மேல வரும். அந்தப் போஸ்ட்ட ரத்து பண்ணாண்டாம்னு எழுதுங்க. இன்னும் ஒம்பது நாள்தான் எனக்கு இருக்கு."

நாராயணபெருமாள் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும், தேவகுமார். வண்டிக்குள் ஏறினால் தேங்காயெண்ணெயும் டீசலும் கலந்து ஒரு வாசனை வரும். ஒரு நல்ல நிர்வாகி தன் பணியாளரின் தியாகத்தில் குறுக்கிடக் கூடாது. நான் குறுக்கிடவில்லை."

"தெரியுமா?"

"ஒன்பது பேரும்தான் செய்கிறீர்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்கள் டீசல் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாத ஒன்று எப்படி எரிந்திருக்க முடியும்? இப்போது அது எரிந்தது என்று நான் எழுதினால், இந்த மாவட்டம் அடைந்த சேமிப்பு முழுவதும் பொய் என்றாகும். ஒரு மனிதருடைய வேலைக்காக ஒரு தேசத்தின் சேமிப்பை அழிக்கச் சொல்கிறீர்களா? நீங்களே அதை விரும்ப மாட்டீர்கள். உறுதிமொழியைச் சத்தமாகச் சொல்கிறவர் நீங்கள் ஒருவர்தான்."

இயக்குநர் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

"மனம் தளராதீர்கள். உங்களை வைத்தே ஒரு திட்டம் அனுப்பி ஒப்புதலும் வாங்கிவிட்டேன். டிசம்பரிலிருந்து ஓட்டுநர் என்ற சொல்லே இங்கே இருக்காது. 'எரிபொருள் சிக்கனத் தொண்டர்' என்று பெயர். தொண்டர்கள் எரிபொருளில் ஒரு பகுதியைத் தாங்களே மனமுவந்து வழங்குவார்கள். நீங்கள் ஒளித்துச் செய்ததை இனி வெளிப்படையாக, ரசீதோடு செய்யலாம். பாதி ஊதியம் மதிப்பூதியமாகக் கிடைக்கும். ஆறு மாதத்தில் அதிகம் வழங்குபவர் ஒருவருக்கு வயதுத் தளர்வு அளித்து நிரந்தரமாக்கப் பரிந்துரைப்போம்."

"வயசுத் தளர்வா?" என்றான் தேவகுமார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான்.

"எழுத்தில் இருக்கிறது. முத்திரையும் உண்டு."

வெளியே வந்து பிபினுக்கு போன் செய்தான். அந்த விசாவில் தக்கலைக்காரன் ஒருவன் போன வாரமே விமானம் ஏறிவிட்டான் என்றான் பிபின். "அண்ணனுக்கு இனி கஷ்டமாக்கும். நாப்பத்தஞ்சு தாண்டினா மெடிக்கல்லயே தள்ளிருவான். செரி, அக்காவக் கேட்டதா சொல்லுங்க." பிறகு கத்தரில் யாரோ பிபினைக் கூப்பிட்டார்கள்.

எரிபொருள் பிரிவின் முன்னால் நின்ற வரிசை கலைந்திருந்தது. ஒன்பதில் ஏழு பேர் தொண்டர் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எட்டாவது ஆளாக இசக்கி அப்போதுதான் எழுதிக் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்று பீடி பற்றவைக்கப் போனான். தேவகுமாரைக் கண்டதும் தீக்குச்சியை உதறி அணைத்தான்.

"வந்திட்டியா மக்கா. நான் நெனச்சேன், ஒனக்காவது சொரணை வரும்னு."

"நீ போட்டியா?"

"பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும். வேற எங்க போவ? கையில ஸ்டியரிங் இல்லாட்டா எனக்கு நிக்கக்கூடத் தெரியாது."

சுனிதா படிவத்தை நீட்டினாள். பெயர், முகவரி, இரத்த வகை. நான்காவது கேள்வி: 'மாதந்தோறும் எத்தனை லிட்டர் மனமுவந்து வழங்க இயலும்?'

"ஆலோசிச்சு எழுதுங்கண்ணா" என்றாள் அவள் மெதுவாக. "எழுதினதுக்குக் குறைஞ்சா மதிப்பூதியத்துல பிடிப்பாங்க."

ஜெஸ்மிக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தான். இனி விற்பதற்கு வீட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்தபோது தையல் மிஷின் ஞாபகத்துக்கு வந்தது. உடனே அதை மனதிலிருந்து தள்ளினான். அது போன வேகத்திலேயே திரும்பி வந்து நின்றது.

இருபது என்று எழுதினான்.

மேஜையின் மேல், சுனிதாவின் முழங்கைக்கு அடியில், இசக்கியின் படிவம் கிடந்தது. தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிந்தது. இருபத்தைந்து.

தேவகுமார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தன்னுடைய இருபதின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் முப்பது என்று எழுதி, திருத்தத்துக்கு ஒரு சின்னக் கையெழுத்தும் போட்டுக் காகிதத்தைத் தள்ளினான். திரும்பியபோது தோளுக்குப் பின்னால் இசக்கி நின்றிருந்தான். அவனும் தலைகீழாகப் படிக்கத் தெரிந்தவன்தான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திட்டுவான் என்று தேவகுமார் காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இசக்கி அவனைத் தாண்டி மேஜைக்குப் போனான்.

"சுனிதா, எனக்க பேப்பர ஒரு நிமிசம் தாங்க" என்றான். "ஒரு சின்னத் திருத்தம் உண்டு."